பச்சைக் கோடு போட்ட கல்

பிளக்கை மாற்றியும் வெடித்தது.

பழைய பெற்றோலை வடித்துப் புதிதை ஊற்றியும் வெடித்தது. காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டியும், சைலன்சரால் பட்டென்று ஒரு வெடி, கறுப்பாய் ஒரு புகை.

"என்ன ஹாதிக், புல்லு வெட்டுற மெசினா இது, பெருநாள் வெடிக் கடையா?" என்றார் அப்துல் ஸமட் ஹாஜியார்.

கட்டாரில் இருக்கும் ஊரவர் ஒருவர் பள்ளிவாசலுக்கு அனுப்பிய மெசின் அது, ஏறி இருந்து ஓட்டுவது. விளையாட்டு மைதானத்துக்கும் இறந்தவர்களை அடக்கும் மையவாடிக்கும் அது ஒன்றுதான். ஹாஜியார் பள்ளிவாசலின் நம்பிக்கையாளர் என்பதால் அதற்கும் அவரே பொறுப்பு.

ஓட்டுவது நளீம். நிந்தவூர்க்காரன். கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்து ஒரு வருடந்தான். இந்த வேலை போனால் மாமியார் வீட்டில் தலை நிமிர்ந்து சோறு தின்ன ஏலாது.

"போன முறை தண்ணிக் குழாய ஒடச்சான், பொறுத்தன். இந்த முறையும் எதிலயும் கொண்டுபோய் அடிச்சிரிந்தான் எண்டா, நாளைக்கே வேற ஆள்," என்று அவன் காதில் விழவே சொல்லிவிட்டு, ஹாஜியார் வெயிலுக்கு எதிர்க் கடையில் போய் இருந்தார்.

மெக்கானிக் ஹாதிக் எதையும் வரிசையாகப் பார்ப்பவர். வால்வு இடைவெளி சரி. காற்று இழுக்கவில்லை. மிச்சம் இருந்தது பிளைவீல்.

அதைக் கழற்றினார்.

பிளைவீலையும் அச்சையும் பிடித்து வைத்திருக்கும் கீ, சுண்டுவிரல் நகத்தளவு மெல்லிய உலோகத் துண்டு, பாதியாக அறுந்து கிடந்தது. அது அறுந்தால் பிளைவீல் ஒரு நூல் விலகும். நெருப்பு நேரம் தப்பிப் பிடிக்கும். வெடிக்கும்.

கீ தானாக இப்படி அறுவது அருமை. ஓடுகிற கத்தி வலுத்த சாமானில் அடிபட்டுச் சட்டென்று நிற்க வேண்டும்.

"என்னத்தில அடிச்ச நளீம்?"

"ஒண்டிலயும் இல்ல காக்கா."

ஹாதிக் கீயை அவன் உள்ளங்கையில் வைத்தார். நளீம் எதிர்க் கடையை ஒருதரம் பார்த்தான்.

"மீசான் கல்லு," என்றான் மெதுவாக. "சின்னப் புள்ளையள அடக்கிற பக்கம், மதிலோரம், ஒரு கபுறுட தலமாட்டுக் கல்லு. புல்லு மூடி இரிந்திச்சு, நான் காணல்ல. கல்லு புடுங்குப்பட்டு எங்கயோ தெறிச்சிட்டு."

"பொறகு?"

"தேடி எடுத்து நட்டுப்போட்டன். ஆனா எந்த எடம் எண்டு தெரியா காக்கா. மண் எல்லாம் ஒரே மட்டம். அஞ்சாறு கபுறு கிட்டக் கிட்ட இரிக்கி. குத்துமதிப்புல ஒரு எடத்தில வெச்சன்."

"எப்ப?"

"போன மாசம். இப்ப அஞ்சு வெள்ளி போயிட்டு."

"என்ன கல்லு?"

"கருங்கல்லு. தலையில பச்சைப் பெயின்ற்றால ஒரு கோடு."

அந்தக் கோட்டை இழுத்தவர் ஹாதிக். லேண்ட் மாஸ்டர் உழவு மெசின் ஒன்றுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற். மாரியில் புல் எழும்பினாலும் மகளின் கபுறைத் தப்பாமல் கண்டுபிடிக்கலாம் என்று மூன்று வருடத்துக்கு முன் போட்டது. ஆறு நாள் இருந்த பிள்ளை.

பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. மனைவி முனவ்வறா அந்த இடத்தைக் கண்டதே கிடையாது. வெள்ளிக்கிழமை சுபஹ் தொழுது, கபுறடியில் யாஸீன் ஓதிவிட்டு ஹாதிக் வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்பாள். மண் ஈரமாக இருக்கிறதா, எறும்பு கட்டியிருக்கிறதா என்று. அவர் பார்த்ததெல்லாம் சொல்லுவார்.

இன்று காலையும் சொன்னார். தலைமாட்டில் அறுகு நல்லாப் படர்ந்திருக்கிறது என்று.

ஹாஜியார் எழுந்து வந்தார். "என்னவாம்?"

நளீம் கீயைக் கைக்குள் பொத்திக்கொண்டான்.

ஹாதிக் பிளைவீலைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"ஒண்டுமில்ல ஹாஜியார். உள்ளுக்க ஒரு கீ தேஞ்சிட்டு. பழைய சாமான்தானே."

"அடிபட்டதில்லையே?"

"இல்ல."

ஹாஜியார் போனதும் நளீம் மெசினோடு சாய்ந்து நின்றான். ஹாதிக் புதுக் கீயை எடுத்து அரத்தால் ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அல்லா உங்களுக்கு நல்லத நாடணும் காக்கா. எனக்கு இந்த அஞ்சு கிழமையும் நித்திர இல்ல. பொறகு நானே மனசத் தேத்திக்கிட்டன். அந்தப் புள்ளட வாப்பா வந்து பாத்திரிப்பார்தானே. ஆரும் வந்து ஒண்டும் கேக்கல்ல. அப்ப சரியான எடத்திலதான் நட்டிரிக்கன் போல."

அரம் நின்றது.

"ஓம்," என்றார் ஹாதிக். "பெத்தவனுக்குத் தெரியாமப் போகுமா."