கால் டம்ளர் கஞ்சி

"எழுதுங்கண்ணே! சோறு ஊட்டுன அவ கை வெளங்காமப் போவணும்னு எழுதுங்க!"

கொளஞ்சியப்பர் கோயில் வாசலில் பிராது எழுதித் தரும் சாமிக்கண்ணு நிமிர்ந்தார். பிராதை எழுதி வேலில் கட்டிவிட்டால் சாமியே எதிரியை விசாரித்துத் தண்டிக்கும் என்று நம்பித்தான் சனங்கள் வருகிறார்கள். ஆனால் சோறு போட்டதற்கு ஒரு பிராதா?

எதிரே நின்றவள் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் அடிப்பவள்.

"சோறு போட்டது எப்பிடிம்மா குத்தமாவும்?"

"எம் பொண்ணு ஜெயஸ்ரீ காலேஜு படிக்குது. குண்டாயிடுவேன்னு எட்டு மாசமா சோத்தத் தொடல. தொட்டாலும் வெரல வுட்டு வாந்தி எடுத்துரும். மயங்கி வுழுந்து ஆஸ்பத்திரியில சேத்தப்ப முப்பது கிலோ இருந்துச்சு."

"அடப்பாவமே!"

"காஞ்சு கெடந்த ஒடம்பு, திடீர்னு வயிறு நெறையக் குடுத்தா ரத்தத்துல இருக்கற உப்புச்சத்தெல்லாம் எறங்கி இதயமே நின்னுரும், மணிக்குக் கால் டம்ளர் கஞ்சிதான்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க. மூணாம் நாளு புள்ள தானா வாயத் தொறந்து பசிக்குதுன்னுச்சு. அந்த மகராசி என்னா பண்ணா தெரியுமா? நர்ஸு அந்தாண்ட போனதும், இவங்க என்னா பெரிய டாக்டருன்னு கறிக்கொழம்பும் சோறுமா பெசைஞ்சு ஊட்டிட்டா! மறுநாளே புள்ளக்கி மூச்சு தெணறிப் போச்சு. இப்ப ஐசியூல கெடக்குது. பொழைக்குமான்னு கேட்டா யாரும் வாயத் தொறக்கல."

சாமிக்கண்ணுவுக்கே ரத்தம் கொதித்தது.

"படிச்சவங்க சொல்லியும் கேக்கலியா? யாரு, ஒங்க மாமியாரா? இங்க வர்ற பிராதுல பாதி மாமியாருங்க மேலதான்."

"இல்லீங்க."

"நாத்தனாரா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எழுதுங்கண்ணே" என்றாள்.

"யாரா இருந்தா என்னா? இந்த மாதிரி பொம்பளய சும்மா வுடவே கூடாதும்மா." பேனாவை அழுத்தி எழுதினார்: 'தண்டனை முழுவதையும் அவளுக்கே கொடுத்து, பிள்ளையைப் பிழைக்க வை சாமி.'

"எதிரி பேரு?"

"அம்சவல்லி."

எழுதி முடித்தார். "சரி, கீழ பிராது குடுக்கறவங்க பேரு போடணும். ஒங்க பேரு?"

"அதே அம்சவல்லிதாங்க" என்றாள். "பசிக்குதும்மான்னு எங்கிட்டதான் சொல்லிச்சு."