அண்ணன் ஏன் போனான்?

"இந்த அண்ணன் ஏன் வீட்டை விட்டுப் போறான்?"

எடிட்டர் மறுபடியும் அதே பக்கத்தில் வந்து நின்றாள்.

"கெட்டவன் மேடம். போயிட்டான். அவ்வளவுதான்" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

அவருடைய முதல் நாவல். கடையில் ஆள் வராத நேரத்திலெல்லாம் எழுதியது. "கதை நல்லா இருக்கு, இவங்களோட உட்கார்ந்து கொஞ்சம் செதுக்கிட்டு வாங்க" என்று பதிப்பகம்தான் அவரை இவளிடம் அனுப்பியிருந்தது. எடிட்டர் வயதில் அவரைவிடச் சின்னவள். வாயைத் திறந்தால் கேள்விதான்.

"இருநூறு பக்கம் அப்பாவைத் தாங்கித் தாங்கிப் பார்த்துக்கறான். அவரை அடக்கம் பண்ணின மறுநாள் யார்கிட்டயும் சொல்லாம பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பறான். நான் நம்ப மாட்டேன் சார்."

"நடந்ததே அப்படித்தான்!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எடிட்டர் பேனாவை மூடினாள். "ஓ, உங்க அண்ணனா? இப்ப எங்க இருக்கார்?"

"இதே ஊர்தான். பேச்சுவார்த்தை கிடையாது."

"போய்க் கேளுங்களேன்."

"மேடம், நீங்க என் எழுத்தைத் திருத்துங்க, போதும். என் குடும்பத்தைத் திருத்த வேண்டாம்."

"குடும்பம் எப்படியோ போகட்டும். எனக்கு அண்ணன் போற இந்த எட்டாவது அத்தியாயம் நிக்கணும்."

'என்ன பொம்பளை இவ, கொஞ்சம்கூட ஈவு இரக்கம் இல்லாம!' என்று முணுமுணுத்தபடி படியிறங்கினார்.

ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. லென்ஸ் தேய்க்கும்போதும் மண்டைக்குள் குடைந்தது. நிஜமாகவே, ஏன் போனான்?

அடுத்த வாரம் வந்தவர், நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"கேட்டுட்டேன் மேடம். அப்பாவுக்குக் கடைசியில கண்ணு சுத்தமாத் தெரியல. நான் வெளியூர்ல மாட்டிக்கிட்டேன். 'சின்னவன் வந்துட்டானா, சின்னவன் வந்துட்டானா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். இப்படித் தவிக்கிறாரேன்னு, அண்ணன் என் குரல்ல 'வந்துட்டேம்பா'ன்னு சொல்லியிருக்கார்."

"அப்புறம்?"

"அப்பா அவர் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'நீ ஒருத்தன்தாண்டா எனக்குப் பிள்ளை. உங்கண்ணன் எதுக்கும் உதவாதவன்'னு சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டாராம்."

எடிட்டர் கையிலிருந்த பக்கத்தைக் கீழே வைத்தாள்.

"இத்தனை வருஷமா ஏண்ணே சொல்லலைன்னு கேட்டேன். 'உனக்கு அப்பான்னா உசுரு. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?'ங்கறார்." கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நாவல்ல வில்லன் காணாமப் போயிட்டான் மேடம். எல்லாத்தையும் மாத்தி எழுதணும்."

"எழுதலாம், எழுதலாம். அது இருக்கட்டும். அண்ணன் வீட்டுல நீங்க பெல் அடிச்சதும் கதவைத் திறந்தது யாரு?"

"அவரேதான்."

"உங்களைப் பார்த்ததும் முகம் எப்படி இருந்துச்சு? முதல்ல யார் பேசினது?"

"நான்தான். 'சும்மா இந்தப் பக்கமா வந்தேன்'னு ஒரு பொய் சொன்னேன்."

"அதுக்கு அவர்?"

"'வாசல்லயே நிக்காதே, உள்ள வா'ன்னார்."

"திட்டலையா?"

"திட்டவே இல்ல."

அவள் உதடு மட்டும் அசைந்தது. 'சும்மா இந்தப் பக்கமா வந்தேன்...'

கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இவ்வளவும் எட்டாவது அத்தியாயத்துல வரணுமா மேடம்?"

"அதுக்குக் கேக்கல சார்" என்றாள் எடிட்டர், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "எங்க அக்கா வீடு அடுத்த தெருதான். பேசிப் பல வருஷமாச்சு. பெல் வரைக்கும் கையைக் கொண்டுபோயிட்டு, ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துடறேன்."