வளர்ச்சி இல்லை

“ஊரெல்லாம் கோழி வளக்கும், பூனை வளக்கும். நீ அங்க போய் என்னத்தடி வளக்குறே?” என்று அத்தை ஒருமுறை அவளிடம் கேட்டாள்.

கிருமி என்று சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து அவள் கையால் அத்தை பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை.

நோயாளியின் ரத்தத்தில் கிருமி ஒளிந்திருந்தால், அதற்குத் தீனி போட்டு, இளஞ்சூட்டில் வைத்து, கண்ணுக்குத் தெரியும்வரை வளரவிட்டுப் பிடிக்க வேண்டும். அதுதான் வேலை. இதை அத்தைக்கு விளக்க அவளுக்கு வாய் போதாது. ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே வாயில்லாப்பூச்சி.

இன்று காலை, தட்டுகளை இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டரைத் திறந்தாள். மேல்மாடியில் காய்ச்சலோடு கிடக்கும், இன்னும் பெயர்கூட வைக்காத பச்சைக் குழந்தையின் ரத்தத்தைத் தீனியில் தடவிய தட்டு உள்ளே இருந்தது. ரத்தத்தில் கிருமி இருந்தால் அந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கெடு இன்றோடு முடிகிறது.

தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லாமல், கழுவிவிட்ட தரைபோல் வழவழவென்று சிவப்பாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே குழந்தையின் அப்பா. ரிசல்ட் தாளை நீட்டினாள்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். வளர்ச்சி இல்லை. திரும்பவும் படித்தார்.

“கொஞ்சங்கூட இல்லியாம்மா?”

“துளிகூட இல்லைங்கண்ணே. இனிமேலும் வளராது,” என்றாள், முகமெல்லாம் பல்லாக.

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அப்போ எம் பையன் காலம் பூரா கையளவுதான் இருப்பானா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே ஓடினாள். மூடிய தட்டுகள் இரண்டை எடுத்துவந்து ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள்.

“இது வேற யாரோடதோ. உப்ப எறைச்ச மாதிரி இருக்கில்ல, அத்தனையும் கிருமி. இது உங்க பையனோடது. வளராதது கிருமிண்ணே. பையன் வளருவான்.”

அவர் நெற்றி கண்ணாடியில் முட்ட, குனிந்து பார்த்தார்.

மகனின் தட்டில் ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி. அவர் விரல் அதன்மேல் போய் நின்றது. அவளுக்கும் மூச்சு நின்றது.

சட்டை நுனியால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார்.

புள்ளி போய்விட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தாளை அங்கேயே விட்டுவிட்டு, லிப்டுக்குக்கூட நிற்காமல் மாடிப்படி ஏறிப் போனார்.