கொக்கி எந்தப் பக்கம்?

"பட்டத்தோட பாதுகாப்புக் கயித்துக் கொக்கியை இடுப்புப் பட்டையில முன்னாடி மாட்டு. பின்னாடி மாட்டினா அவசரத்துக்குக் கை எட்டாது," என்றாள் மெட்டே.

பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங்குக்குத் தயாரான கணவன் ட்ரோல்ஸ் சிரித்தான். "வித்தை காட்டுறவன் பின்னாடிதான் மாட்டுவான். கரையில உக்காந்திருக்கிற உனக்கு என்ன தெரியும்?"

பத்தே நிமிடத்தில் அவன் பலகையிலிருந்து விழுந்தான். பட்டம் அவனைத் தண்ணீரில் தரதரவென்று இழுத்தது. முதுகுப் பக்கம் மாட்டியிருந்த கொக்கி கைக்கு எட்டவில்லை. வேறொரு பட்டத்தில் சீறி வந்த யாரோ அதைக் கழற்றி அவனைக் கரை சேர்த்தார்.

இருமிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். ஈரம் சொட்டச் சொட்ட, கையில் பட்டத்தின் பிடியோடு மெட்டே நின்றிருந்தாள்.

"இதெல்லாம் நீ எப்போ கத்துக்கிட்டே?"

"வியாழக்கிழமை வியாழக்கிழமை. நீ மீட்டிங்னு கோபன்ஹேகன் போவியே, அப்போ."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"அப்படி ஒரு மீட்டிங்கே கிடையாதுன்னு உன் ஆபீஸ்ல சொன்ன அன்னிக்குத்தான் சேர்ந்தேன்."