டச்சப் வேண்டாம்

"அதை எதுக்கு அழிச்சீங்க? திரும்பப் போடுங்க."

ஸ்டுடியோக்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பத்தொன்பது வருடமாகக் கடை நடத்துகிறார். பருவை எடு, கருவளையத்தை எடு, முடிந்தால் ஓரத்தில் நிற்கும் நாத்தனாரையும் எடு என்று கேட்டவர்கள் உண்டு. எடுத்ததைத் திரும்ப வை என்று கேட்ட முதல் ஆள் இவள்தான்.

கம்ப்யூட்டர் திரையில் அவள் முகம் பளிச்சென்று இருந்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நிஜ முகத்தில்தான் இடது கண்ணுக்குக் கீழே வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது.

"டச்சப் ஃப்ரீதாம்மா. பத்து நிமிஷம் உக்காந்து நம்ம பொண்ணு எவ்வளவு நைஸா பண்ணியிருக்கு பாருங்க" என்று கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவளைக் காட்டினார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு நிமிஷத்துல பண்ணினதை அழிக்கறதுக்கு உங்களுக்குப் பத்து நிமிஷம் ஆயிருக்கு. பாவம்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் புத்தி சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்து, அதை விட்டுவிட்டால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி மாதிரி நெனச்சு சொல்றேம்மா. ஆம்பளைக்கு வேலையில ஆயிரம் டென்ஷன் இருக்கும். ஏதோ கை நீட்டிட்டார். அதைப் போய்ப் படம் புடிச்சு வச்சுக்கிட்டு..."

"உங்களுக்கு டென்ஷன் இல்லையாண்ணே?"

"இல்லாம? காலையிலருந்து ரெண்டு தடவை கரண்ட் போயிடுச்சு. ஒரு கல்யாண ஆல்பத்துல வேற மாப்பிள்ளையை ஒட்டி அனுப்பிட்டோம். பொண்ணோட அப்பா வந்து கத்திட்டுப் போறாரு."

"அப்ப யாரை அறைஞ்சீங்க?"

"நான் எதுக்கும்மா அறையறேன்?"

"அவரும் ஆபீஸ்ல யாரையும் அறையறதில்ல. மேனேஜர் கத்தினா 'யெஸ் சார்'தான். அந்த டென்ஷன் ரொம்ப சமத்து. பஸ்ல சும்மா வந்து, லிஃப்ட்ல சும்மா ஏறி, எங்க வீட்டுக் கதவைச் சாத்தற வரைக்கும் பொறுமையா இருக்கும்."

கம்ப்யூட்டர் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். முதலாளி முறைத்ததும் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரும் சொல்லாமலே அவள் விரல்கள் வேலை பார்த்தன. திரையில் இருந்த கன்னம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி கறுத்தது.

"சரி, ஸ்டேஷன்ல குடுக்கத்தானே?" என்றார் ஸ்டுடியோக்காரர், எல்லாம் தெரிந்தவர் போல.

"போன தடவை குடுத்துப் பாத்தாச்சு. அவருக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் குடுத்தாங்க. எனக்குப் புத்திமதி குடுத்தாங்க. வீட்டு விஷயத்தை நாலு பேர் பாக்கற மாதிரி பண்ணாதேம்மான்னு."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்!"

"தெரியுது. எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம் போல."

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை எடுத்தாள்.

"இன்னிக்கு ஆறு மணி பஸ்ல எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன். திரும்பி வரப் போறதில்ல. நாளைக்கு எங்க காலனியில என்ன பேசுவாங்க தெரியுமா? தங்கமான மனுஷனை விட்டுட்டு ஓடிட்டான்னு. நான் அலறும்போது டிவி சத்தத்தைக் கூட்டி வச்சவங்கதான் முதல்ல பேசுவாங்க. நாலு நாள்ல இது ஆறிடும். ஆறிட்டா நான் பொய்க்காரி."

சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. கோபம்தான் இருந்தது, நெடுநாள் அடக்கி வைத்த கோபம். ஸ்டுடியோக்காரருக்கு அழுகிற பெண்களைச் சமாளிக்கத் தெரியும். இவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. தொழிலுக்குத் தாவினார்.

"போஸ்ட்கார்டு சைஸ்ல ரெண்டு காப்பி போட்டுடட்டுமா? அக்கா வீட்ல காட்ட அது போதும்."

"பத்தாது."

"கோர்ட்டுக்குன்னா கொஞ்சம் பெரிசா போடலாம். ஜட்ஜும் கண்ணாடி போட்டிருப்பாரு."

"அதுவும் பத்தாது. எங்க காலனி வாசல் கேட் அகலத்துக்கு வேணும். ஃபிளெக்ஸ்ல."

அவர் எழுந்தே விட்டார். அவள் கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவையும் மடித்த தாளையும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதுல அவர் படம் இருக்கு. கோட்டு போட்டு, பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு. பக்கத்துல என்னை வச்சுடுங்க. இந்தக் கடைக்கு என்னை அனுப்பினதே அவர்தான். இங்க போனா எந்த மூஞ்சியையும் சுத்தமாத் துடைச்சுக் குடுப்பாங்கன்னு சொன்னார். மூணு மணிக்குக் கட்டறதுக்கு ஆளுங்க வந்துடுவாங்க. அவர் ஆபீஸ்லருந்து வர ஏழாகும்."

"ஏம்மா, வம்புல என்னை மாட்டி விட்டுடாதீங்க..."

அவர் முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் பெண் எட்டித் தாளை எடுத்துக்கொண்டாள். வந்தவளின் கணவர் கையெழுத்தில் இருந்த வாசகத்தை, ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தம் போட்டுப் படித்தபடியே டைப் அடிக்க ஆரம்பித்தாள்:

"குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு எனக்கே வாக்களியுங்கள். என் மனைவியை எப்படிப் பார்த்துக்கொள்கிறேனோ, அப்படியே உங்கள் அனைவரையும் பார்த்துக்கொள்வேன்."