நோயில்லாத ரத்தம்

மலைப்பாதை வளைவில், சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஜெயசுதா மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் வெயில் விழாதபடி தங்கை செவ்வந்தி துப்பட்டாவை விரித்துப் பிடித்திருக்கிறாள்; அவளுடைய வீங்கிய விரல்கள் முழுக்க மடங்குவதில்லை. கீழே சாமைக் கொல்லையில் காற்று சலசலக்கிறது. செவ்வந்தியின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அவள் உடம்பையே தின்கின்றன. அந்த அணுக்களில் இனி எந்த மரபணு விழிக்கும், எது அடங்கும் என்று முன்கூட்டிக் கணிக்கும் நிரலை எழுதியவள் ஜெயசுதா. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் செய்வதுபோல அவளும் தன் கையையே நீட்டியிருந்தாள். இப்போது திரையின் வரைபடத்தில் தங்கையின் சிவப்புக் கோடு நோயின் பக்கமாக ஏறுகிறது. அக்காவின் நீலக் கோடும் அதை ஒட்டியே ஏறுகிறது. நிரலை மறுபடி ஓட்டிப் பார்க்கிறாள். அப்படியேதான் வருகிறது. "நீலம் யார்துக்கா?" என்கிறாள் செவ்வந்தி. "என்து." "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது!" பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு. துப்பட்டா நழுவ, வெயில் திரையை வெளுக்கச் செய்கிறது. "அப்ப நானும் உன்ன மாதிரி நல்லாய்ட்டனாக்கா?" ஜெயசுதா தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்க்கிறாள்.