ஈரலில் இறங்கிய இரும்பு

“ஈரல்ல இவ்வளவு இரும்பு சேரணும்னா, இரும்பு டிரம்மில காய்ச்சின சோள பீரைப் பல வருஷமாக் குடிச்சிருக்கணும்,” என்றார் டாக்டரம்மா, ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எலெல்வானிக்கு ஒன்றும் ஓடவில்லை. பக்கத்தில் அவள் புருஷன் முலாலோ, தேவாலய சபையின் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தான்.

“வேற யாரோட ரிப்போர்ட்டையோ பாக்குறீங்க டாக்டரம்மா. எங்க சபையில குடிக்கிறவங்க வீட்டுல தண்ணி கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. இவரா பீர் குடிப்பாரு?”

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். டிரம்மின் இரும்பு பீரில் கரைந்து, ஈரலில் போய்த் தங்கிவிடும். அப்படியே விட்டால் பின்னால் அங்கே புற்றுநோய் வரலாம். நல்ல வேளை, இன்னும் வரவில்லை. காரணம் பீர்தான் என்றால் அதை நிறுத்தி, அவ்வப்போது ரத்தம் எடுத்தே இரும்பைக் குறைத்துப் பார்க்கலாம். பீர் இல்லையென்றால் பொலோக்வானே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஈரலில் ஊசி குத்திச் சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

“அதனால எனக்கு உண்மை தெரியணும். குடிப்பாரா, மாட்டாரா?”

எலெல்வானி புருஷனை முழங்கையால் இடித்தாள்.

“சபையில கேக்காம நான் எதுவும் சொல்லக் கூடாது,” என்றான் முலாலோ.

தன் ஈரலைப் பற்றிச் சொல்ல எவனாவது சபையில் அனுமதி கேட்பானா? புற்றுநோய் என்ற பேச்சிலேயே மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவள் பயந்துபோனாள்.

நேராகப் போதகர் நெமகோண்டே வீட்டுக்குப் போனாள். கல்யாண வீட்டில் பீர் வாடை அடித்ததென்று அவள் சொந்தச் சித்தப்பாவையே சபையை விட்டு விரட்டியவர் அவர். முழங்காலிட்டு வணங்கி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். போதகர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, சபை மூப்பர்களையும் கூட்டிக்கொண்டு காலையில் தானே ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார். புருஷனுக்குச் சாட்சி சொல்ல இத்தனை பெரிய மனிதர்களா என்று அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் பச்சை அங்கிகள் வராந்தாவை அடைத்துக்கொண்டு நின்றன. எலெல்வானி டாக்டரம்மாவைக் கையோடு கூட்டி வந்தாள்.

“எங்க போதகரை விடப் பெரிய சாட்சி வேணுமா? இவரையே கேளுங்க.”

போதகர் தொண்டையைச் செருமினார். அங்கியின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். பின்னால் நின்ற மூப்பர்களும் ஒவ்வொருவராகச் சுருட்டினார்கள்.

“எங்களுக்கும் ரத்தம் பாத்துடுங்கம்மா,” என்றார். “எல்லாருக்கும் ஒரே டிரம்தான்.”